ஓர் எழுத்துக்கு இரண்டு வாக்கெடுப்பு



ஓர் ஊரின் பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நியூசிலாந்தின் வடக்குத் தீவில், மேற்குக் கடற்கரையில் இருக்கிற ஊர் அது. மலையில் பிறந்து 290 கிலோமீட்டர் ஓடிவரும் ஓர் ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது. ஆற்றுக்கும் ஊருக்கும் ஒரே பெயர், வாங்கனூயி. அந்த ஊர் மக்கள் 2006-இல் ஒரு தடவை, 2009-இல் ஒரு தடவை, ஆக இரண்டு தடவை ஊர்ப்பெயருக்காக வாக்களித்தார்கள். பெயரை மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதே பெயர்தான். அதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது முதலில் வருகிற டபிள்யூவை அடுத்து ஓர் எச் போடுவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இங்கே வந்ததும் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் கரும்பலகையில் தமிழில் எழுதிக் காட்டலாம் என்று சாக்பீஸைக் கையில் எடுத்தேன். எழுத முடியவில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் வாங்கனூயிதான். அந்த எச் சுட்டுகிற ஒலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. ஆனால் ஒலி நம்மிடம் இருக்கிறது. குழந்தை கூடுதலாக ஒரு மிட்டாய் கேட்கிறது. வாயைத் திறக்காமலே ‘ம்-ம்’ என்று மறுக்கிறோம். அப்போது நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துக்கொண்டு திறக்கிறதல்லவா? எல்லாரும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பின்வரிசைப் பிள்ளைகளும் சொல்லலாம். அந்த அடைப்போடு ‘வ’ சேர்ந்தால் என்ன ஒலி வருமோ, அதுதான் அந்த ஆற்றங்கரையில் வாழும் பூர்வகுடி மாவோரி மக்களின் வாயில் ஊர்ப்பெயரின் முதல் ஒலி.

மாவோரி மொழியில் டபிள்யூவும் எச்சும் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்கும். நாட்டின் பெரும்பகுதியில் அதை இன்று ஏறக்குறைய ‘ஃப’ என்று ஒலிக்கிறார்கள். நிலம் என்பதற்கு அவர்கள் சொல் ஃபெனுவா, குடும்பத்துக்கு ஃபானவ். வாங்கனூயி ஆற்றங்கரையிலும் பக்கத்துத் தாரானாக்கியிலும் மட்டும் வழக்கு வேறு. அங்கே ‘ஃப’ இல்லை, நான் சொன்ன தொண்டை அடைப்போடு வருகிற ‘வ’தான். ஊர்ப்பெயரின் முதல் பாதிக்குத் துறை அல்லது குடா என்று பொருள் சொல்கிறார்கள். நூயி என்றால் பெரியது. நம் நாவில் சொன்னால் பெருந்துறை. எச்சை எடுத்துவிட்டால் அந்த முதல் பாதி வேறொரு ஒலியாகிவிடும். துறை என்ற பொருள் அதில் தங்காது.

எச் எப்படி விட்டுப்போனது? இதற்கு வெள்ளைக்காரர்களின் அலட்சியம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது முழு உண்மையாகாது. மாவோரி மொழிக்கு எழுத்து வடிவம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரிகள் வழியாக வந்தது. 1820-இல் ஹோங்கி ஹிகா, வைகாட்டோ என்ற இரண்டு தலைவர்கள் தாமஸ் கெண்டல் என்ற மிஷனரியோடு இங்கிலாந்துக்குப் போய், கேம்பிரிட்ஜில் சாமுவேல் லீ என்ற பேராசிரியருடன் உட்கார்ந்தார்கள். அங்கே அந்த மொழிக்கு ஓர் இலக்கணமும் சொற்பட்டியலும் உருவாயின. அந்த முதல் தலைமுறையின் எழுத்துமுறை ‘வ’வுக்கும் தொண்டை அடைத்த ‘வ’வுக்கும் தனித்தனி எழுத்து வைக்கவில்லை. இரண்டுக்கும் டபிள்யூ ஒன்றே. நிரந்தரமாகவா எழுதி வைக்கிறோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எழுதியதோ நிலைத்துவிட்டது.

1840 பிப்ரவரி 6-இல் வைத்தாங்கியில் மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் உடன்படிக்கை ஆனது. அந்த நாட்டின் அடித்தளமே அந்தத் தாள்தான். அதன் மாவோரி வாசகத்தை எடுத்துப் பாருங்கள். நிலம் என்ற சொல் அதில் எச் இல்லாமல்தான் இருக்கிறது. எந்த நிலத்துக்காக இன்றுவரை வழக்கு நடக்கிறதோ, அந்த நிலத்தின் பெயரே ஓர் எழுத்துக் குறைவாக உடன்படிக்கையில் ஏறிவிட்டது. அன்று அதை யாரும் பிழையாகப் பார்க்கவில்லை, அன்றைய எழுத்து வழக்கு அதுதான். சில ஆண்டுகளில் மொழிக்காரர்கள் எச்சைச் சேர்த்து முறைப்படுத்தினார்கள். நிலத்துக்கும் குடும்பத்துக்கும் எச் திரும்பி வந்தது. இந்த ஊருக்கு மட்டும் வரவில்லை.

இங்கே நமக்கு நெருக்கமான ஒருவரை நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்த உடன்படிக்கையின் மாவோரி வாசகத்தை 1840 பிப்ரவரி 17-இல் 200 படிகள் அச்சடித்தவர் வில்லியம் கொலென்சோ. 1834 கடைசியில் ஓர் அச்சு இயந்திரத்தோடு வந்து இறங்கியவர். பெட்டியைத் திறந்து பார்த்தால் அச்சுக் கோக்கும் கட்டைகளும் இல்லை, தாளும் இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். இதே கொலென்சோதான் 1830-களில் வாங்காரே பக்கத்து மாவோரிக் குடியிருப்பு ஒன்றில், பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் புழங்கிக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். பாத்திரம் என்று நினைத்தது ஒரு கப்பல் மணியின் மேற்பகுதி. அதன் விளிம்பைச் சுற்றி எழுத்துப் பொறித்திருந்தது. அவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை, வைத்திருந்தவர்களுக்கும் தெரியவில்லை. பிற்பாடுதான் அது தமிழ் என்று தெரிந்தது. முகையதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று படித்திருக்கிறார்கள். வெலிங்டனில் தே பாபா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மணி கிடைத்த பகுதியின் பெயரான வாங்காரேயும் அதே துறைச் சொல்லில்தான் தொடங்குகிறது. அந்தப் பெயரை எச் போட்டு எழுதுகிறார்கள், ‘ஃப’ என்று ஒலிப்பவர்களும் உண்டு. யாருக்கும் படிக்கத் தெரியாமல் ஓர் அடுப்பங்கரையில் கிடந்த நம் எழுத்தை நினைக்கும்போது, ஓர் எழுத்து தன்னைக் கேட்கிற காதுக்காக எத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஊருக்கு வருவோம். 1840-ஐ ஒட்டி நியூசிலாந்து கம்பெனி அங்கே ஆங்கிலேயரைக் குடியேற்றி, தன் இயக்குநர்களில் ஒருவரான பிரபுவின் பெயரால் ஊருக்கு பீட்டர் என்று பெயர் வைத்தது. குடியேறியவர்களுக்கே அது பிடிக்கவில்லை. ஆற்றின் பெயரே வேண்டும் என்றார்கள். 1854-இல் அப்படியே ஆனது. பிரபுவின் பெயரைத் தள்ளிவிட்டு மாவோரிப் பெயரை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள், எச் எட்டவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வாக்களித்தவர்களைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

1991-இல் நியூசிலாந்தின் புவிப்பெயர் வாரியம் ஆற்றின் பெயரில் எச்சைச் சேர்த்தது. மாவட்டக் கவுன்சில் வேண்டாம் என்றது, வாரியம் கேட்டுக்கொண்டு தன் முடிவை எடுத்தது. அன்றிலிருந்து ஆற்றுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், ஆற்றங்கரையில் நிற்கும் ஊருக்கு வேறொன்று. நான்கு ஆண்டு கழித்து, 1995-இல், ஊர் நடுவே ஆற்றோரப் பூங்கா ஒன்றில் மாவோரி மக்கள் குடிசை போட்டு 79 நாள் தங்கிப் போராடினார்கள். பாகைத்தோரே என்ற அந்த இடம் தங்களுடையது என்றார்கள். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேசாத நாட்கள் அவை. அந்தக் காயத்தின் மேல்தான் இந்த ஓர் எழுத்து வந்து விழுந்தது. இதை மறந்துவிட்டு, போயும் போயும் ஓர் எச்சுக்கா சண்டை என்று பேசினால் எதுவும் விளங்காது.

2006-இல் முதல் வாக்கெடுப்பு. 55.4 விழுக்காடு பேர் வாக்களித்தார்கள். 82 விழுக்காடு எச் வேண்டாம் என்றது. 2009 பிப்ரவரியில் தே ரூனங்கா ஓ தூபோஹோ என்ற மாவோரி அமைப்பு வாரியத்திடம் முறைப்படி விண்ணப்பித்தது. அப்போதைய மேயர் மைக்கேல் லாஸ் மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். அந்த ஆண்டு மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை 61 விழுக்காடு பேர், அந்த ஊர் வாக்கெடுப்புகளில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. 77 விழுக்காடு பழையபடியே இருக்கட்டும் என்றது, 22 விழுக்காடு எச் வேண்டும் என்றது.

மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு என்று பழகிய நாம் இதோடு கதை முடிந்தது என்போம். முடியவில்லை. 2009 செப்டம்பரில் வாரியம் கூடி, எச் சேர வேண்டும் என்று தீர்மானித்தது. வாக்கெடுப்பு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. கடைசி முடிவு அமைச்சர் கையில். டிசம்பரில் அமைச்சர் மோரிஸ் வில்லியம்சன் இரண்டு எழுத்துக்கூட்டலும் செல்லும் என்றார், அரசு அலுவலகங்கள் மட்டும் எச் போட்டு எழுத வேண்டும் என்றார்.

வாரியம் செய்தது சரியா? இதில் என் கருத்தை ஒளிக்க நான் விரும்பவில்லை. சரி என்றே நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் அந்த 77 விழுக்காட்டுக்காரர்களுக்காகவும் நான் பேச வேண்டும். அவர்களை எல்லாம் இனவெறியர் என்று தள்ளிவிடுவது அநியாயம். பாட்டன் கல்லறையில் எச் இல்லாத ஊர்ப்பெயர் செதுக்கியிருக்கிறது. 1856-இல் தொடங்கிய நாளிதழின் தலைப்பில் அப்படித்தான் இருந்தது. போலீஸ் தகவல்களைச் சேமிக்கும் நாட்டின் பெரிய கணினி அங்கே அமைந்து, 1976-இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தபோது, சட்டத்தின் பெயரிலும் ஊர் எச் இல்லாமல்தான் நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதன்முதலில் முகவரி எழுதிப் பழகியதும் அப்படியே. எச்சைச் சேர்த்தால் வெளியூர்க்காரன் ‘ஃபாங்கனூயி’ என்று கூப்பிடுவான், அது எங்கள் ஊரே இல்லையே என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் பொய்யில்லை. அந்த ஊர் மாவோரிகளும் ‘ஃப’ என்று சொல்வதில்லையே!

அப்படியானால் வாக்கெடுப்பில் எங்கே குறை? வாக்குச்சீட்டில்தான் என்று எனக்குப் படுகிறது. சீட்டில் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் அச்சாகியிருந்தன. எது வேண்டும் என்று கேட்டார்கள். கேள்வி கண்ணுக்குப் போனது. கண் தனக்குப் பழகியதைத்தான் சொல்லும். காதுக்கு யாரும் எதையும் தரவில்லை. அந்த மாவட்டத்தில் அன்று 40,000-க்குச் சற்று மேல் மக்கள். அவர்களில் மாவோரிகள் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த ஒலியைத் தாய்மடியில் கேட்டவர்கள் அவர்களிலும் ஒரு பகுதியினர்தான். ஒரு மொழி பேசக் கூடாது என்று பள்ளியில் அடிபட்டு வளர்ந்த தலைமுறைகளுக்குப் பின்னால் வந்த நிலை அது. மாவோரி மொழிக்கு அரசுமொழித் தகுதியே 1987-இல்தான் கிடைத்தது. கேட்கிறவர்கள் சிலர், கேட்காதவர்கள் பலர். ஒலி இருக்கிறதா, இல்லையா என்று எல்லாரையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்தால் எந்தப் பக்கம் சாயும் என்பது சீட்டு அச்சாகும் முன்பே தெரிந்த விஷயம்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். என் அத்தை பெயர் வேணி. மூன்று சுழி ண். பின்னிய சடை என்று பொருள், தாத்தா ஆசையாக வைத்த பெயர். எப்போதோ ஓர் அலுவலகத்தில் ரேஷன் கார்டு எழுதியவர் இரண்டு சுழியோடு நிறுத்திவிட்டார். வேனி ஆகிவிட்டது. அத்தை அதிகம் படிக்காதவள். ஆனாலும் கார்டைப் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் “மூணு சுழி தம்பி, மூணு சுழி போடுங்க” என்பாள். “ரெண்டும் ஒண்ணுதானேம்மா, கூப்பிடும்போது என்ன வித்தியாசம்” என்று பதில் வரும். அவர்களுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியவில்லை, அதில் கபடம் இல்லை. ஆனால் அத்தைக்குத் தெரியும். நாக்கை மேலே மடித்து ‘வேணி’ என்று தன் அப்பா கூப்பிட்டது அவள் காதில் இருந்தது. தெருவைக் கூட்டி வைத்து, இவள் வேணியா வேனியா என்று கை தூக்கச் சொல்லியிருந்தால் வேனிதான் வென்றிருக்கும். முப்பது வருஷமாகக் கார்டில் அப்படித்தானே இருக்கிறது!

வாரியம் வேறு கேள்வியைக் கேட்டது. எது பிடிக்கும் என்று அது கேட்கவில்லை. இந்தச் சொல் என்ன, யாருடைய சொல், எப்படி விட்டுப்போனது என்று கேட்டது. அந்தக் கேள்விக்குத் தலைகளை எண்ணி விடை காண முடியாது. பழைய ஆவணங்களும் பேசுகிறவர்களின் நாவும்தான் விடை. அதே சமயம் மக்கள் வாக்கை வாரியம் ஒதுக்கித் தள்ளியது என்று ஊர் மனம் நொந்திருந்தால் அதையும் நான் மதிக்கிறேன். வாக்கைக் கேட்டுவிட்டுக் கைவிடுவதைவிட, தொடக்கத்திலேயே சரியான கேள்வியோடு போயிருக்கலாம். ஆற்றங்கரைப் பெரியவர்கள் நாலு பேரைப் பேசவைத்து, ஊர் மக்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அப்புறம் வாக்களித்திருந்தால் எண்ணிக்கை எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆணை மட்டும் போட்டு ஊர்ப்பெயரைத் திருத்த முடியாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தின் கடைசி எச்சை 1891-இல் அந்நாட்டுப் பெயர் வாரியம் எடுத்துவிட்டது. எல்லா ஊருக்கும் ஒரே விதி என்றது. ஊரார் விடவில்லை, 1911-இல் எச் திரும்பி வந்தது. நம் மாநிலத்திலும் 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வந்தது நினைவிருக்கும். நோக்கம் எனக்கு உடன்பாடு. எழும்பூரை ஆங்கிலத்திலும் எழும்பூர் என்றே எழுதுவதில் என்ன தவறு? ஆனால் ஊர்க்காரர்களே தங்கள் ஊரை அடையாளம் காணத் தடுமாறும்படி சில எழுத்துக்கூட்டல்கள் அமைந்தன. பலத்த எதிர்ப்புக் கிளம்பிச் சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு நல்ல வேலை அவசரத்தில் கெட்டுப்போனதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வாங்கனூயியில் அவசரம் இல்லை. இரண்டு எழுத்துக்கூட்டலும் செல்லும் என்றிருந்த சில ஆண்டுகளை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். அஞ்சல் உறையில் ஒன்று, கடைப் பலகையில் இன்னொன்று. கண் மெல்லப் பழகியது. 1991-இல் எச் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அதே மாவட்டக் கவுன்சில், காலம் போனபின் மாவட்டத்தின் பெயரில் எச் வேண்டும் என்று தானே கேட்டது. 2015 நவம்பரில் அது நிறைவேறியது. நாளிதழும் பிறகு தன் தலைப்பில் எச்சைச் சேர்த்துக்கொண்டது. 2017-இல் நாடாளுமன்றம் அந்த ஆற்றையே சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்று, அதன் சார்பில் பேச இருவரை நியமிக்க வழிசெய்தது. மாவோரி மக்கள் நூற்றாண்டுக்கும் மேலாக ஆற்றுக்காக நடத்திய வழக்கின் முடிவு அது. ஆற்றையும் தங்களையும் பிரித்துப் பேசாதவர்கள் அவர்கள். ஓர் எழுத்துக்கு ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது எனக்கு அந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் முழுதாகப் புரிந்தது. பழைய கல்லறைக் கற்களை யாரும் திருத்தச் சொல்லவில்லை. 1976 சட்டத்தின் பெயரும் சரித்திரத்தில் அப்படியேதான் நிற்கிறது.

அத்தை போன வருஷம் காலமானாள். இறப்புச் சான்றிதழில் வேனி என்றே வாங்கினோம். கார்டோடு பொருந்தாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்று அனுபவப்பட்ட சித்தப்பா சொன்னார், யாரும் மறுக்கவில்லை. கருமாதிப் பத்திரிகைக்கும் அந்தச் சான்றிதழின் நகலைத்தான் அச்சகத்தில் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் மெய்ப்பு வந்தது. அத்தை மகன் அதை வாங்கிப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டிருந்தவரை நிறுத்தி, கணினியைத் திரும்பப் போடச் சொல்லி, பக்கத்திலேயே நின்று மூன்றாவது சுழியைப் போடவைத்துவிட்டு வந்தான்.